ஓரமா நிறுத்து மச்சி... ஓனர் வர்றாங்க!

முதுமலை டு பந்திப்பூர்: ஒரு பழைய கார், நாலு பேர், ஒரு யானைக் கூட்டம்!

"கோவா?"

"பட்ஜெட் இல்ல."

"மூணாறு?"

"போன வருஷமே போயாச்சு."

"வால்பாறை?"

"எங்க அப்பா அங்கதான் வேலை பாக்குறாரு. நேரா போய் மாட்டிக்கச் சொல்றியா?"

எல்லா டூர் பிளானும் கேன்டீன்ல பொறந்து கேன்டீன்லயே சாகும். எங்களோடதும் அப்படித்தான் போயிட்டிருந்துச்சு. மாடல் எக்ஸாமுக்கு இன்னும் ரெண்டு வாரம். இப்ப விட்டா அப்புறம் ஃபேர்வெல், அப்புறம் ஆளுக்கொரு திசை. அப்பதான் ஓரத்துல சமோசா சாப்பிட்டுட்டு இருந்த ஜுவாலஜிக்காரி வாயைத் திறந்தாள். "எங்க அத்தை வீடு மசினகுடில இருக்கு. தங்குறதும் சாப்பாடும் ஃப்ரீ."

ஃப்ரீ! அந்த ஒரு வார்த்தை போதாதா? முதுமலை டிரிப் ஓகே ஆயிடுச்சு.

டீம் அறிமுகம். மெக்கானிக்கல்: சித்தப்பாவோட பழைய காரை உஷார் பண்ணினவன், டிரைவர். விஸ்காம்: கழுத்துல கேமரா இல்லாம குளிக்கக்கூடப் போகமாட்டான். ஜுவாலஜி: கையில பைனாகுலர், வாயில லத்தீன் பேர். நான்: தமிழ் இலக்கியம். பாட்டு செலக்ட் பண்றதும் முறுக்கு பாக்கெட் பிரிக்கிறதும் என் டிபார்ட்மென்ட்.

கொண்டை ஊசியில் ஒரு குட்மார்னிங்

மார்ச் முதல் வாரம், சனிக்கிழமை. விடியற்காலை 4 மணிக்குக் கோவையிலிருந்து கிளம்பினோம். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி. நீலகிரிக்குள்ள வெளியூர் வண்டி நுழைய 2024 மே மாதத்துல இருந்து இ-பாஸ் வேணும்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. விஸ்காம் அதை முன்னாடியே ஆன்லைன்ல வாங்கி வச்சிருந்தான். (அவன் வாழ்க்கையிலேயே டைமுக்கு செஞ்ச ஒரே வேலை!) செக்போஸ்ட்ல தண்ணி பாட்டிலுக்கும் ஆப்பு. ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் நீலகிரியில தடை. ஜுவாலஜி மட்டும் சிரிச்சுக்கிட்டே ஸ்டீல் பாட்டிலை ஆட்டிக் காட்டினாள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக கல்லட்டி வழிதான் ஷார்ட்கட். 36 கொண்டை ஊசி வளைவு. ஆனா செங்குத்தான இறக்கம். 2018-ல நடந்த ஒரு கோர விபத்துக்கு அப்புறம் வெளியூர் வண்டிங்க அந்த வழியில இறங்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. அதனால சுத்து வழிதான்: பைக்காரா, நடுவட்டம், கூடலூர். சுமார் 50 கிலோமீட்டர். சுத்துன்னு யாரும் வருத்தப்படலை. ஒரு பக்கம் யூகலிப்டஸ் வாசனை, இன்னொரு பக்கம் தேயிலை, நடுவுல பனி. ஜன்னலைத் திறந்தா மூக்கு விறைச்சுடும். கூடலூர் இறங்கினதும் ஸ்வெட்டரைக் கழட்ட வேண்டியதாயிடுச்சு. ஒரு மலை இறங்கினதுல ரெண்டு சீசன்!

கூடலூர்ல ஒரு சேச்சி கடையில புட்டும் கடலையும். வயிறு ஃபுல், பெட்ரோல் ஃபுல். தொரப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினோம். காடு ஆரம்பம்.

லக்கா? அதெல்லாம் இல்லை!

முதல் அஞ்சு நிமிஷம் எனக்குப் பெரிய ஏமாற்றம். காடுன்னா பச்சைப் பசேல்னு இருக்கணும்னு நினைச்சிருந்தேன். இங்க என்னடான்னா தேக்கு மரமெல்லாம் மொட்டையா நிக்குது. தரை பூரா அப்பளம் மாதிரி காய்ஞ்ச இலை. மூங்கில் மஞ்சளா, புல் வைக்கோல் மாதிரி. "என்னடி இது, காடா, கட்டட வேலை நடக்கிற இடமா?"ன்னு கேட்டேன்.

"வாயை மூடிட்டுப் பாரு"ன்னா ஜுவாலஜி.

பார்த்தேன். வலது பக்கம் புள்ளிமான், அஞ்சு இல்ல, ஐம்பது. இடது பக்கம் கறுப்பு மலை மாதிரி ஒண்ணு தலையைத் தூக்குச்சு. "காட்டெருமை!"ன்னு மெக் கத்தினான். "எருமை இல்லடா, காட்டுமாடு. காலைப் பாரு, வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்." அப்புறம் மயில், கீரி, மரத்து மேல சின்ன நாய் சைஸுக்கு ஒரு மலபார் அணில். தெப்பக்காடு போறதுக்குள்ள விஸ்காம் மெமரி கார்டு பாதி காலி.

"செம லக்குடா நமக்கு!"

"லக் இல்ல, சீசன்"ன்னா ஜுவாலஜி. "இலை எல்லாம் உதிர்ந்துடுச்சு, அதனால தூரத்துல நிக்கிற மிருகம்கூடக் கண்ணுக்குத் தெரியுது. ஓடை, குட்டையெல்லாம் வத்திப் போச்சு, அதனால தண்ணி இருக்கிற இடத்துக்கு எல்லாமே வந்தாகணும். ரோட்டோரம் தீத்தடுப்புக்காகப் புதரை வெட்டி வச்சிருக்காங்க. அங்க துளிர்க்கிற புல்லுக்கு மான் வருது. நமக்குத் தரிசனம். அதுங்களுக்கு வருஷத்துலேயே கஷ்டமான மாசம் இது."

இலையுதிர் காடு இப்படித்தானாம். ஜனவரி கடைசியில இருந்து இலையைக் கொட்டிட்டுத் தண்ணியை மிச்சம் பிடிக்கும். பின்பனி போய் இளவேனில் எட்டிப் பார்க்கிற இந்த நேரத்துல, இலை வர்றதுக்கு முன்னாடி பூ வரும். அது நிஜம்தான். மொட்டை மரங்களுக்கு நடுவுல திடீர்னு ஒரு மரம் தீப்பிடிச்ச மாதிரி நின்னுச்சு. புரசு! பலாசம்னும் சொல்லுவாங்க. இலையே இல்லாம கிளை முழுக்க ஆரஞ்சுப் பூ. இன்னொரு வளைவுல முள்ளிலவம். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. மேல ஒரு கருமூஞ்சிக் குரங்குக் கூட்டம் பாதி தின்னுட்டு மீதியைக் கீழே போட, அதைப் பொறுக்கித் தின்ன புள்ளிமான் ரெடியா நிக்குது. மேல இருக்கிற குரங்குக்குப் புலி, சிறுத்தை வர்றது முதல்ல தெரியும். அது கத்தினா மானும் உஷாராயிடும். சாப்பாடும் ஃப்ரீ, செக்யூரிட்டியும் ஃப்ரீ. (ஹாஸ்டல்ல இப்படி ஒரு ரூம்மேட் கிடைச்சா எப்படி இருக்கும்!)

"அந்தக் குரங்குக்குத் தமிழ்ல என்ன பேரு, பண்டிதரே?"ன்னு மெக் கலாய்ச்சான். எனக்கு டக்குனு பல்ப் எரிஞ்சது. முசு! சங்க இலக்கியப் பேப்பர்ல மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் எழுதி, மறந்தே போன வார்த்தை. மூணு வருஷம் கழிச்சு அது மரத்து மேல உக்காந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுது!

நூறு லிட்டர் தண்ணி, நூத்தம்பது கிலோ சாப்பாடு

தெப்பக்காடு. மாயாறு ஓரம் யானை முகாம். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-ல ஆஸ்கர் வாங்கினது ஞாபகம் இருக்கா? பொம்மன் - பெள்ளி தம்பதியும் ரகு, அம்மு குட்டிகளும் உலகம் முழுக்க ஃபேமஸ் ஆனது இங்கிருந்துதான். அந்த வருஷமே பெள்ளி அக்காவுக்குத் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியா வேலை கிடைச்சது. காவடின்னா மாவுத்தனுக்கு உதவியாளர்.

முகாம் யானைகளுக்குச் சாப்பாட்டு நேரம். ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைஞ்சு, கால்பந்து சைஸுக்கு உருண்டை பிடிச்சு நேரா வாய்க்குள்ள. நம்ம அம்மா நிலாச்சோறு ஊட்டுற அதே ஸ்டைல். ஒவ்வொரு யானைக்கும் தனி மெனுவாம். ஒருத்தருக்கு டயட், ஒருத்தருக்கு மருந்து.

காட்டு யானைக்கு இப்படி ஊட்ட ஆள் கிடையாது. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேணும். நூறு லிட்டருக்கு மேல தண்ணி வேணும். மழைக்காலத்துல அது பிரச்னையே இல்லை. மார்ச்ல? கிழக்கே மசினகுடிப் பக்கம் மழை குறைவு, முள்காடு. மேற்கே கூடலூர்ப் பக்கம் மழை அதிகம். அதனால யானைக் கூட்டம் தண்ணியைத் தேடி நடந்துக்கிட்டே இருக்கும். முதுமலை, பந்திப்பூர், நாகர்ஹொளே, வயநாடு... நமக்குத்தான் மூணு மாநிலம். யானைக்கு ஒரே வீடு, நாலு ரூம். ஆசிய யானைகள் உலகத்துலேயே அதிகமா வாழுற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. இதையெல்லாம் சேர்த்துத்தான் 1986-ல நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமா நீலகிரியை அறிவிச்சாங்க.

தீனி குறையறதுக்கு இன்னொரு வில்லனும் இருக்கு. ரோட்டோரம் அழகா, கலர் கலரா பூத்துக் கிடக்கிற உண்ணிச்செடி. வெள்ளைக்காரங்க காலத்துல தோட்டத்துல அழகுக்கு வச்ச வெளிநாட்டுச் செடி. இப்ப காடு முழுக்கப் பரவிக் கிடக்கு. அது அடர்ந்த இடத்துல புல் முளைக்காது, யானை அதைத் திங்காது. ஒரு சூப்பர் மேட்டர் கேளுங்க. இந்த உண்ணிச்செடித் தண்டை வெட்டி, வேகவச்சு, வளைச்சு, இந்தப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் நிஜ சைஸ் யானை பொம்மைகள் செஞ்சாங்க. அந்த யானைக் கூட்டம் 2021-ல லண்டன் பார்க்குகள்ல நின்னுச்சு. 2024-ல அமெரிக்காவுக்கே போச்சு. நாங்க மேட்டுப்பாளையம் தாண்டறதுக்கே இ-பாஸ் வாங்கிட்டு நிக்கிறோம்!

ராத்திரி 9 மணிக்கு கேட் குளோஸ்

தெப்பக்காட்டுல ரோடு ரெண்டாப் பிரியும். வலது பக்கம் மசினகுடி. நேரா போனா கக்கநல்லா. அதோட தமிழ்நாடு முடிஞ்சு கர்நாடகா. பந்திப்பூர். பேரு மாறுது, போர்டு மாறுது, காடு அதேதான். நாங்க நேரா விட்டோம். குண்டல்பேட்ல மதியச் சாப்பாடு, திரும்பி வந்து மசினகுடி அத்தை வீடுன்னு பிளான்.

1931-ல மைசூர் மகாராஜா உருவாக்கின வேணுகோபால வனவிலங்குப் பூங்காதான் பந்திப்பூரோட ஆரம்பம். 1973-ல புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கினப்போ முதல் ஒன்பது காப்பகங்கள்ல இதுவும் ஒண்ணு. முதுமலை சரணாலயமானது 1940-ல, புலிகள் காப்பகமானது 2007-ல. இப்படிப்பட்ட ரெண்டு காட்டுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ஓடுது நேஷனல் ஹைவே. பழைய நம்பர் 67, இப்போ 181. ஊட்டிக்கும் மைசூருக்கும் இதுதான் மெயின் ரோடு. பஸ், லாரி, காய்கறி வண்டி, நம்மள மாதிரி டூரிஸ்ட்டுன்னு எல்லாரும் இதுலதான்.

முன்னாடி இது ராத்திரியிலும் ஓடின ரோடு. ஹெட்லைட் வெளிச்சம் கண்ணுல அடிச்சதும் மான் ஓடாது, அப்படியே உறைஞ்சு நிக்கும். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். வண்டி மோதிச் சாகுற மிருகங்களைக் காப்பாத்த, 2009-ல பந்திப்பூர் வழியா ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்தினாங்க. 2010-ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்துச்சு. ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் கேட் குளோஸ். ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிகளுக்கும் ஒரு சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. வியாபாரிகளுக்கும் ஊர்க்காரங்களுக்கும் இதுல கஷ்டம் இருக்கு. அதனால தடையை எடுக்கணும், எடுக்கக் கூடாதுன்னு அப்பப்போ சண்டை வரும். ஆனா நாள்ல ஒன்பது மணி நேரமாவது காட்டுக்கு அதோட ரோடு திரும்பக் கிடைக்குது.

பந்திப்பூர்ல கொஞ்ச தூரத்துக்குக் காடு கரிக்கட்டையா, கறுப்பா இருந்துச்சு. தீத்தடுப்புக் கோடு. வனத்துறையே முன்கூட்டி எரிச்சு வைக்கிறது. தீ பரவினா இந்தக் கோட்டுக்கு மேல வராது. 2019 பிப்ரவரியில பந்திப்பூர்ல பிடிச்ச தீயில 10,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சு போச்சு. அதைக் கேட்டதும் மெக் சத்தமில்லாம சிகரெட் பாக்கெட்டை டேஷ்போர்டுக்குள்ள தள்ளினான். இந்த டிரிப்ல முதல் மனமாற்றம்!

ஆனா முழு மனமாற்றம் இன்னும் வரலை. அதுக்குள்ள நாங்க ஒரு தப்பு பண்ணினோம்.

அந்த இருபது நிமிஷம்

சாயங்காலம் 4 மணி இருக்கும். தெப்பக்காடு திரும்பி, மசினகுடி ரோட்டுல போயிட்டிருந்தோம். முன்னாடி நாலஞ்சு கார், ஒரு வேன். எல்லாம் நின்னுடுச்சு. எல்லா ஜன்னல்லயும் செல்போன் கை. மெக், "என்னமோ இருக்கு மச்சி!"ன்னு கிடைச்ச கேப்ல காரை நுழைச்சு, முன்னாடி போய் நிறுத்தினான்.

இடது பக்கம் மேட்டுல யானை. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. நடுவுல ஒரு குட்டி, பெரியவங்க காலுக்கு நடுவுல ஒளிஞ்சு விளையாடுது. சாலைக்கு அந்தப் பக்கம் சரிவு. சரிவுக்குக் கீழே தண்ணி.

எங்க யாருக்கும் அது உறைக்கலை. யானை! ஏழு யானை! அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. விஸ்காம் சத்தமில்லாம கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வச்சுட்டான். "ஒரே ஒரு லோ ஆங்கிள்டா..." எங்களுக்குப் பின்னாடி வந்த வண்டியும் ஒட்டி நின்னுடுச்சு. யாரோ விசில் அடிச்சாங்க. யாரோ ஹாரன் அடிச்சாங்க.

முன்னால நின்ன பெரிய பெண் யானை காதை விரிச்சுது. ஆடிக்கிட்டிருந்த துதிக்கை அப்படியே நின்னுடுச்சு. ரெண்டடி முன்னால வந்துச்சு. மண்ணை உதைச்சுது. குட்டியை இன்னொரு யானை உள்ளே தள்ளி மறைச்சுது.

"உள்ள வாடா!" ஜுவாலஜியோட குரல் நடுங்கி அன்னிக்குத்தான் முதல் தடவை கேட்டேன். விஸ்காம் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுத்தோம். மெக் கார் சாவியைத் திருகினான். பழைய கார். இருமுச்சு. ஸ்டார்ட் ஆகலை. யானை இன்னும் ரெண்டடி வந்துச்சு. என் கையில இருந்த முறுக்கு பாக்கெட் நசுங்கிப் போச்சுன்னு அப்புறம்தான் பார்த்தேன்.

அப்பதான் எதிர்ப்பக்கம் வனத்துறை ஜீப் வந்து நின்னுச்சு. அதிலிருந்து ஒரு அண்ணன் இறங்கினார். வேட்டைத் தடுப்புக் காவலர். சத்தமே போடலை. கையை மட்டும் தாழ்த்தி, அமைதின்னு காட்டினார். ஒவ்வொரு வண்டியா வந்து மெதுவான குரல்ல சொன்னார். எங்க ஜன்னல்கிட்ட வந்தப்போ திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை.

"தம்பி, ரிவர்ஸ் எடுங்க. பதறாதீங்க. அது உங்களை அடிக்க வரல. தண்ணிக்கு வருது. நீங்க நிக்கிறது அது நடக்கிற பாதை."

"சாரிண்ணே... பார்க்கலாம்னு..."

"காலைல இருந்து மூணு தடவை வந்து திரும்பிப் போயிடுச்சு தம்பி. சனிக்கிழமை பாருங்க, வண்டி ஓயல. குட்டி வேற இருக்கு. நீங்க பார்க்கணும்னு நிக்கிறீங்க. அது குடிக்கணும்னு நிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். ரெண்டாவது தடவை சாவியைத் திருகினப்போ கார் ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு பக்கமும் வண்டிகளைப் பின்னாடி எடுக்க வச்சார். நடுவுல ஒரு நூறு மீட்டர் ரோடு காலியாச்சு. இன்ஜின் ஆஃப். யாரும் பேசலை. காய்ஞ்ச மூங்கில் உரசுற சத்தம் மட்டும்.

இருபது நிமிஷம் அப்படியே போச்சு. பெரிய யானை மறுபடி மேட்டு விளிம்புக்கு வந்து துதிக்கையைத் தூக்கிக் காத்தை மோந்து பார்த்துச்சு. ரோட்டுல ஒரு காலை வச்சுது. அடுத்த காலை வச்சுது. அப்புறம் மொத்தக் குடும்பமும், குட்டியை நடுவுல விட்டு, கடகடன்னு கடந்து சரிவுல இறங்கிடுச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகலை. அந்த ஒரு நிமிஷத்துக்காக அதுங்க காலையில இருந்து காத்துக்கிட்டு இருந்திருக்கு.

கீழே தண்ணி உறிஞ்சுற சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. விஸ்காம் கேமராவை மடியில வச்சிருந்தான். அவன் அந்த ஒரு நிமிஷத்தை எடுக்கவே இல்லை. ஏன்னு நாங்களும் கேட்கலை.

அத்தை சொன்ன கணக்கு

ராத்திரி மசினகுடியில அத்தை வீட்ல ராகிக் களியும் கீரையும். நடந்ததைச் சொன்னோம். அத்தை ஆச்சரியப்படவே இல்லை.

"நாங்க இருட்டினா வெளியில போக மாட்டோம் கண்ணு. அது அதுங்க டைம். பகல் எங்க டைம். இப்படித்தான் காலங்காலமா ஓடுது. கணக்கைத் தப்பா போடறது வெளியில இருந்து வர்றவங்கதான்."

மசினகுடியைச் சுத்தி இருக்கிற சீகூர்ப் பகுதி யானைகளோட முக்கியமான வழித்தடம். அதுல ரிசார்ட்டுகள் முளைச்சுது. கேஸ் நடந்துச்சு. 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் யானை வழித்தட அறிவிப்பு செல்லும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்கு அடுத்த மூணாவது மாசம், 2021 ஜனவரியில, இதே மசினகுடியில ஒரு காட்டு யானை மேல எரியிற பொருளை வீசினாங்க. அந்த வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். அந்த யானை செத்துப்போச்சு.

"அன்னிக்கு இங்க பல வீட்ல அடுப்பு எரியல"ன்னு சொல்லிட்டு அத்தை தட்டு எடுக்க எழுந்து போயிட்டாங்க.

அடுத்த நாள் காலையில கிளம்புறப்போ வானத்துல அகலமா றெக்கையை விரிச்சு ஏழெட்டுப் பறவைங்க வட்டமடிச்சது. ஜுவாலஜிக்குத் துள்ளல் தாங்கலை. பாறு! பிணந்தின்னிக் கழுகு. இந்தியாவுல வெண்முதுகுப் பாறுகள் 99 சதவிகிதத்துக்கு மேல அழிஞ்சு போச்சு. காரணம், மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்ங்கிற வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ன பாறுகளோட கிட்னி காலி. 2006-ல அந்த மருந்தைக் கால்நடைக்குத் தர்றதைத் தடை பண்ணினாங்க. மிச்சமிருக்கிற பாறுகள்ல தென்னிந்தியாவுலேயே பெரிய கூட்டம் இந்த மாயாறு, சீகூர்ப் பள்ளத்தாக்குலதான் இருக்கு.

"பாரு, ஒரு தப்பை நிறுத்தினா திரும்பி வர சான்ஸ் இருக்கு"ன்னா ஜுவாலஜி. விஸ்காம் அதை மட்டும் படம் எடுத்தான். காருக்கு உள்ளே இருந்தே.

போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

* இ-பாஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. தீ அபாயம் அதிகமா இருந்தா பிப்ரவரி, மார்ச்ல சஃபாரியை மூடிடுவாங்க. கேட்டுட்டுப் போங்க.

* ராத்திரி 9-க்குள்ள காட்டைத் தாண்டிடணும். லேட்டானா வெளியிலேயே தங்குங்க. கேட்ல போய்க் கெஞ்சாதீங்க.

* காட்டுக்குள்ள வண்டியை விட்டு இறங்காதீங்க. 2025 ஆகஸ்ட்ல பந்திப்பூர்ல காட்டு யானையைக் கிட்டப்போய் படம் எடுக்கப்போன ஒருத்தர், அதோட காலுக்கு அடியில விழுந்து மயிரிழையில தப்பினார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் போட்டாங்க. உங்க உயிருக்கு அதைவிட ரேட் அதிகம்.

* குரங்குக்கு சிப்ஸ், மானுக்கு பிஸ்கட் போடாதீங்க. அது பாசம் இல்லை. ரோட்டுக்கு வரப் பழக்குறீங்க, வண்டியில அடிபடப் பழக்குறீங்க.

* சிகரெட், தீப்பெட்டி காரைவிட்டு வெளியில வரவே கூடாது. மார்ச் மாசக் காடு ஒரு பெரிய தீப்பெட்டி.

* ஹாரன், பாட்டு ரெண்டும் மியூட். போர்டுல போட்டிருக்கிற ஸ்பீடைத் தாண்டாதீங்க. ஒரு மான் தாண்டினா பின்னாடியே இன்னும் பத்து வரும், நின்னு போங்க.

* முக்கியமானது: மிருகம் ரோட்டோரம் நின்னா, அது எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்குன்னு பாருங்க. அதுக்குப் போக வேண்டிய இடம் உங்க பின்னாடி இருக்கலாம். நல்லா தூரம் விட்டு நிறுத்துங்க, முடிஞ்சா நிக்காமலே போயிடுங்க.

திரும்பி வர்றப்போ தொரப்பள்ளிக்கு முன்னாடி ஒரு வளைவுல ஒரு காட்டுமாடு ரோட்டோரம் நின்னுச்சு. பின்னாடி ஒரு கன்னுக்குட்டி. மெக் யாரும் சொல்லாமலே பிரேக் போட்டான். ரொம்ப தூரத்துலேயே நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணினான். பின்னாடி வந்த வெளியூர் கார் ஒண்ணு பீம்... பீம்...னு ஹாரன் அடிச்சுது. மெக் ஜன்னல் வழியா கையை மட்டும் வெளியில நீட்டி, அந்தக் காவலர் அண்ணன் காட்டின மாதிரியே தாழ்த்திக் காட்டினான்.

ஹாரன் நின்னுச்சு. காட்டுமாடு கன்னுக்குட்டியோட நிதானமா ரோட்டைக் கடந்து போச்சு.